ஹாங்காங்கில் டிம் சம்: கடை பார்த்து உட்காருங்கள், கூடை பார்த்துக் கேளுங்கள்

ஹாங்காங் போகிறவர்கள் டிம் சம்முக்கென்று ஒரு காலை வேளையை ஒதுக்கி வைக்க வேண்டும். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு டிம் சம் தேடிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு, தேநீரோடு சிறு சிறு கூடைகளில் வரும் இந்தப் பண்டங்கள் காலையிலும் மதியத்திலும் உண்ணும் உணவு. விடியும் முன்பே சமையலறையில் மாவு பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். பிற்பகல் 3 மணி வாக்கில் பெரிய உணவகங்கள் பலவும் டிம் சம் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, முழு மீன், வறுத்த வாத்து, சூப் என்று இரவுச் சமையலுக்கு மாறிவிடும். நாள் முழுக்க டிம் சம் தரும் சிறிய கடைகளும் இருக்கின்றன. வேறு வழியில்லாதபோது அவை கைகொடுக்கும். ஆனால் தேநீரும் பேச்சும் ஆவி பறக்கும் கூடைகளுமாக அந்த அனுபவம் முழுமையாக வேண்டுமென்றால் காலைதான் நேரம்.

இப்படித் தேநீரோடு உட்காருவதை உள்ளூர்க்காரர்கள் 'யம் சா' என்பார்கள். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். நடுவில் கூடைகள் வந்து போய்க்கொண்டிருக்கும். தனியாக வரும் முதியவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பானைத் தேநீரிலும் இரண்டு கூடையிலும் காலையைக் கழிப்பார். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் கடையைத் தேர்ந்தெடுப்பது எளிது. யாரோடு போகிறீர்கள், எவ்வளவு நேரம் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடையின் பெயர் அதற்கு அடுத்தது.

இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், முதல் தடவை என்றால் நான் சொல்வது சென்ட்ரல் பகுதியில் சிட்டி ஹால் கட்டடத்தில் இருக்கும் மேக்சிம்ஸ் பேலஸ். கல்யாண மண்டபம் போன்ற பெரிய கூடம், சரவிளக்குகள், துறைமுகத்தைப் பார்த்த சன்னல்கள். மூங்கில் கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டிகளை இன்னும் இங்கே பார்க்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் கூடையைத் திறந்து காட்டச் சொல்லிக் கை நீட்டிக் கேட்டுவிடலாம் என்பது புதியவர்களுக்குப் பெரிய வசதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று ஊரே குடும்பத்தோடு யம் சாவுக்குக் கிளம்பிவிடும். சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே நெடுநேரம் நிற்க நேரும். வார நாளில், கடை திறந்த அரை மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.

தள்ளுவண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படங்களில் பார்த்துவிட்டு வண்டி ஓடும் கடைதான் உண்மையான கடை என்று பலர் நம்புகிறார்கள். வண்டிகள் இப்போது குறைந்துவிட்டன; பெரும்பாலான கடைகளில் தாளில் பேனாவால் குறியிட்டுக் கொடுத்தால், அதன் பிறகுதான் ஆவியில் வைக்கிறார்கள். ருசிக்கு இந்த முறையே மேல் என்பது என் கருத்து. கூடம் முழுக்க வலம் வந்த கூடைக்குள் நீர் சொட்டி, மாவு நைந்து போயிருக்கும். வண்டிக் கடையில் உட்கார்ந்தால், சமையலறைக் கதவுக்கு அருகில் மேசை கிடைக்குமா என்று பாருங்கள்.

பழைய ஹாங்காங்கைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு சென்ட்ரலிலேயே இரண்டு பெயர்கள். ஸ்டான்லி தெருவில் உள்ள லுக் யூ தேநீர் இல்லம் 1933இல் தொடங்கியது. தேநீரைப் பற்றி நூல் எழுதிய தாங் வம்சத்து லூ யூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். மரத் தடுப்புகள், வண்ணக் கண்ணாடி, வெள்ளைச் சட்டைப் பரிமாறுபவர்கள் என்று கூடமே ஒரு காலத்தைக் காட்டும். விலை அதிகம். தரைத்தள மேசைகள் பழைய வாடிக்கையாளர்களுக்கே முதலில் போகும். மேல் மாடிக்கு அனுப்பினால் மனம் கோணாமல் ஏறிவிடுங்கள், சாப்பாடு அதேதான். வெலிங்டன் தெருவின் லின் ஹோங் இதற்கு நேர் எதிர்: சத்தம், நெரிசல், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசை, வண்டி வெளியே வந்ததும் எழுந்து ஓடும் வாடிக்கையாளர்கள். அது 2022இல் மூடப்பட்டு 2024இல் திரும்பத் திறந்தது. ஹாங்காங்கில் வாடகை ஏறும்போது நூற்றாண்டுப் பெயர்கள்கூட ஆட்டம் காணும். ஆகவே எந்தக் கடையானாலும் முதல் நாள் இரவே விடுதி வரவேற்பில் சொல்லி, திறந்திருக்கிறதா என்று ஒரு போன் போடச் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்களில் சிறு கடைகள் பல பூட்டியிருக்கும். புயல் எச்சரிக்கை 8ஆம் எண் ஏற்றப்பட்டால் ஊரே அடங்கிவிடும்.

அடுத்தது, மிஷலின் உணவகக் கையேடு தரும் நட்சத்திரங்கள். ஹாங்காங், மக்காவுக்கான முதல் மிஷலின் கையேடு 2008 டிசம்பரில் வந்தது. அதில் ஃபோர் சீசன்ஸ் விடுதியின் லுங் கிங் ஹீன் மூன்று நட்சத்திரம் பெற்றது. சீன உணவகம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்தச் சமையலறையில் டிம் சம் செய்துகொண்டிருந்த மாக் குவாய்-புய் 2009இல் மாங் காக்கில் சின்னஞ்சிறு கடை ஒன்றைத் திறந்தார். அடுத்த கையேட்டிலேயே அதற்கும் ஒரு நட்சத்திரம். டிம் ஹோ வான் எனும் அந்தக் கடை உலகப் புகழ் பெற்றது இப்படித்தான். மாங் காக்கின் அந்த முதல் கடை இப்போது அங்கே இல்லை. பெயர் பல நாடுகளில் கிளை பரப்பி, பிலிப்பைன்ஸின் ஜாலிபீ நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. அதன் கிளைகளில், மேலே மொறுமொறுப்பாக, உள்ளே இனித்த பன்றி இறைச்சியோடு அடுப்பில் சுட்டெடுக்கும் பன்னை ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நட்சத்திரங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. சுவரில் ஒட்டியிருக்கும் சிவப்பு ஒட்டுத்தாளில் எந்த ஆண்டு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் பெறாத கடைகளில்தான் இந்த ஊரின் அன்றாடம் இருக்கிறது. ஹாங்காங் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அரசு கட்டிய குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அந்த வளாகங்களின் கடைத்தொகுதிகளில், பெரும்பாலும் மேல் மாடியில், பெரிய சீன உணவகம் ஒன்று இருக்கும். காலை 8 மணிக்கு நுழைந்து பாருங்கள். முதியவர்கள் நிறைந்திருந்தால், பரிமாறும் பெண் அவர்கள் கேட்காமலே அவரவர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தால், அங்கே உட்காரலாம். தினமும் வருகிறவரை ஒரு சமையல்காரர் நாள் தவறாமல் ஏமாற்ற முடியாது. வாசலில் ஆறு மொழிப் பட்டியலோடு கையைப் பிடித்து இழுக்கும் கடைகள் சிம் ஷா சுய்யில் உண்டு; அவற்றைக் கடந்து போய்விடுங்கள். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்கிறவர்களுக்கு கென்னடி டவுனில் சன் ஹிங் இருக்கிறது. அதிகாலை 3 மணிக்கே திறக்கும் கடை, இரவு வேலை முடித்தவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தோளோடு தோள் உரசி உட்காரும் இடம். 2014இன் கடைசியில் அந்தப் பகுதிக்கு மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் அதிகாலை 3 மணிக்கு ரயில் ஓடாது, டாக்சிதான்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி தேநீரைப் பற்றியது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அப்புறம். பாலும் சர்க்கரையும் கிடையாது. பால் கலந்த ஹாங்காங் தேநீர் வேண்டுமானால் அதற்கு 'சா சான் டெங்' எனும் வேறு வகைச் சிற்றுண்டிக் கடைக்குப் போக வேண்டும். 'போ லே' கறுத்து, மண்வாசனையோடு இருக்கும். கொழுப்பான பண்டங்களுக்கு ஏற்றது, முதியவர்கள் பெரும்பாலும் குடிப்பது. 'டிட் குன் யம்' ஊலாங் வகை. 'ஹோங் பின்' மல்லிகை மணம் ஏற்றியது, நமக்கு உடனே பிடிக்கும். குழந்தைகளுக்கு 'குக் ஃபா' எனும் சாமந்திப் பூ நீர் கேளுங்கள், அதில் தேயிலையே இல்லை. போ லேயும் சாமந்தியும் கலந்த 'குக் போ'தான் என் விருப்பம். தேநீருக்கு ஆள் கணக்கில் பணம் உண்டு. சாதாரணக் கடையில் தலைக்குச் சுமார் 10 முதல் 25 ஹாங்காங் டாலர், விடுதிகளில் அதற்கு மேல். நீங்கள் கேட்காமலே பில்லில் வரும். யாரும் ஏமாற்றவில்லை, அது வழக்கம்.

மேசையில் பெரிய கிண்ணம் ஒன்றையும் வெந்நீரையும் வைத்தால் திகைக்க வேண்டாம். கோப்பை, கிண்ணம், சாப்பிடும் குச்சி எல்லாவற்றையும் அதில் அலசிக்கொள்ள வேண்டும்; பக்கத்து மேசையைப் பார்த்துச் செய்தால் போதும். ஒருவர் உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரல்களால் மேசையைத் தட்டுவது நன்றி. மாறுவேடத்தில் போன சீனச் சக்கரவர்த்தி ஒருவர் சேவகனுக்குத் தேநீர் ஊற்ற, எழுந்து வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று சேவகன் விரல்களை மடக்கி வணங்கினானாம். அப்படி ஒரு கதை சொல்கிறார்கள். பானையில் நீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டாம். மூடியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள், நிரப்பிவிட்டுப் போவார்கள்.

இனி கூடைகள். ஒரு கடையை எடைபோட வேண்டுமானால் முதலில் 'ஹா காவ்' கேளுங்கள். கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கலந்து, கொதிக்கும் நீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய வட்டமாக்கி, இறால் வைத்து மடிப்பு மடிப்பாக மூடி ஆவியில் வைப்பது. கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடித்தவர்களுக்கு இதன் கஷ்டம் சொல்லாமலே புரியும். உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும். குச்சியால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது, அடியில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. கடித்தால் இறால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். இது சரியாக வந்தால் மற்றவையும் சரியாக வரும் என்று நம்பி அடுத்த சுற்றுக்குப் போகலாம். தோல் தடித்து மாவாக ஒட்டினால் இன்னும் ஓரிரு கூடையோடு எழுந்துவிடுவதே நல்லது.

'ஸியூ மாய்' மேலே திறந்த மஞ்சள் கிண்ணம் போல வரும். பன்றி இறைச்சியும் இறாலும். 'சா ஸியூ பாவ்' வெள்ளை பன், உச்சியில் பூவாக வெடித்திருக்க வேண்டும், உள்ளே இனிப்பும் உப்புமான பன்றி இறைச்சி. 'சோங் ஃபன்' அரிசி மாவை ஆவியில் மெல்லிய விரிப்பாக ஊற்றிச் சுருட்டி, இனித்த சோயா சாற்றை மேலே விட்டுத் தருவது. 'லோ மாய் காய்' தாமரை இலையில் கட்டிய ஒட்டரிசி. ஒன்றே ஒருவர் வயிற்றை நிறைத்துவிடும், கடைசியில் கேளுங்கள். 'ஃபோங் ஜாவ்' கோழிக்கால்: பொரித்து, ஊறவைத்து, கருப்பு அவரைக் குழம்போடு ஆவியில் வேகவைத்து எலும்பிலிருந்து தோல் வழுக்கி வரும் பதத்தில் தருகிறார்கள். பார்த்ததும் முகம் சுளிக்காமல் ஒரு முறை முயன்று பாருங்கள். மலிவான ஒன்றைப் பொறுமையால் அருமையாக்கும் சமையல் அது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறியிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மேசை நிறைந்துவிடும், பாதி ஆறிவிடும். இரண்டு பேருக்கு மொத்தம் ஐந்தாறு கூடை போதும். இரண்டு மூன்றாகக் கேளுங்கள். ஹா காவும் ஸியூ மாயும் வழக்கமாகக் கூடைக்கு நான்கு, பன் மூன்று என்பதால் நான்கு பேராகப் போனால் அதிக வகைகளை ருசிக்கலாம். ஆவியில் வெந்தவை முதலில், பொரித்தவை பிறகு, இனிப்பு முடிவில். முட்டை டார்ட்டும், உப்பிட்ட முட்டைக் கரு உருகி வழியும் 'லாவ் ஸா பாவ்' எனும் பன்னும் சூடாகச் சாப்பிட வேண்டியவை. அந்தப் பன்னைப் பிட்டுச் சாப்பிடுங்கள். அப்படியே கடித்தால் நாக்கு வெந்துவிடும்.

மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய உணவு இது. வெறுமனே 'இறைச்சி' என்று சொன்னால் அங்கே பன்றி என்றே எடுத்துக்கொள்வார்கள். சோங் ஃபன்னில் இறால், பன்றி, மாடு என்று மூன்று வகை உண்டு. சுருட்டிய பின் வெளியே எல்லாம் ஏறக்குறைய ஒரே வெள்ளைதான். ஆவியில் வெந்த உருண்டைகள் பெரும்பாலும் மாட்டிறைச்சி. வண்டிக்காரரிடம் கை காட்டும் முன் கேட்டுவிடுங்கள்: 'ஜியூ' என்றால் பன்றி, 'ங்காவ்' என்றால் மாடு, 'காய்' என்றால் கோழி, 'ஹா' என்றால் இறால். ஹலால் வேண்டுவோருக்கு வான் சாயில் ஓய் குவான் சாலை இஸ்லாமிய மையத்தின் 5ஆம் மாடி உணவகத்தில் ஹலால் டிம் சம் கிடைக்கிறது. மதியத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. மசூதி அதே கட்டடத்தில்தான், அதற்கேற்ற உடையில் போங்கள்.

சைவர்களுக்கு இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சாதாரண டிம் சம் கடையில் காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பிச் சாப்பிட முடியாது. முள்ளங்கிக் கேக்கில் உலர் இறாலும் சீனத் தொத்திறைச்சியும் இருக்கும். பொன்னிறமாகப் பொரித்த சேப்பங்கிழங்கு உருண்டைக்குள் பன்றி இருக்கும். வேகவைத்த கீரை மேல் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். இனிப்புப் பன்னின் மாவில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். மாம்பழப் புட்டிங்கில் ஜெலட்டின். ஸ்பிரிங் ரோலுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் வூஸ்டர்ஷர் சாற்றில் மீன். "இதை எடுத்துவிட்டுச் செய்து தாருங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. காலையிலேயே உருட்டி வைத்த பண்டத்திலிருந்து எதை எடுப்பார்கள்?

அதற்காகச் சைவர்கள் டிம் சம்மை விட்டுவிட வேண்டாம். 'ஜாய்' எனும் பௌத்த சைவச் சமையல் ஹாங்காங்கில் செழித்த ஒன்று. கண்டிப்பான ஜாய் சமையலில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். 'ங்கோ ஸிக் ஜாய்' என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். விடுதியில் அதைச் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தவறினால் சீட்டு பேசும். ஹாங்காங் பூங்காவில், 1840களில் கட்டிய ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகத்தின் பக்கத்தில், லாக் சா தேநீர் இல்லம் சைவ டிம் சம்முக்கே பெயர் பெற்றது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு அங்கே உட்காருவது ஒரு முழுமையான காலை. டயமண்ட் ஹில் ரயில் நிலையத்துக்கு அருகே நான் லியான் தோட்டத்தில் அருவிக்குப் பின்னால் இருக்கும் சி லின் சைவ உணவகம் இன்னொன்று. எதிரே ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தோடு பொருத்திக் கட்டிய சி லின் பிக்குணி மடம் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வரலாம். இந்த உணவகங்களின் பட்டியலில் 'சைவப் பன்றி', 'சைவ வாத்து' என்றெல்லாம் இருந்தால் பயப்பட வேண்டாம், கோதுமைப் பசையத்திலும் சோயாவிலும் செய்வதுதான். சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாட்களில், நம் கணக்குக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

பில் கேட்க 'மாய் டான்'. சாதாரணக் கடையில் ஒரு கூடை சுமார் 25 முதல் 45 ஹாங்காங் டாலர் ஆகும். பட்டியலில் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று பிரித்து விலை போட்டிருப்பார்கள். கூடையின் அளவைவிட உள்ளே இருக்கும் பொருளை வைத்தே அந்தப் பிரிவு. பெரும்பாலான உணவகங்கள் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்துவிடும் என்பதால் தனியாக டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு எழுந்தால் போதும். நீங்கள் தொடாத கடலையோ ஊறுகாயோ மேசையில் இருந்தால் அதற்கும் விலை உண்டு. வேண்டாம் என்று முதலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கார்டு வாங்காத பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன, ஆகவே ரொக்கம் கையில் இருக்கட்டும். காலை 11 மணிக்கு முன்பும் பிற்பகல் 2 மணிக்குப் பின்பும் சில உணவகங்களில் கூடைக்கு விலை குறைவு. கூட்டமும் அப்போது குறைவு என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நேரத்தைப் பார்த்துப் போகலாம்.